சுண்ணாம்பு தடவாத கலயம்

எங்கள் வீட்டு கராஜில் கார் நிறுத்த இடம் கிடையாது. 40 லிட்டர் பிடிக்கும் ஒரு ஸ்டீல் அண்டா, மழையில்லாத நாளில் வெளியே இழுத்து வைக்கும் புரோப்பேன் அடுப்பு, செப்புக்குழாய்ச் சுருள், மூடியில் ஓட்டை போட்ட இரண்டு பிளாஸ்டிக் வாளிகள், அலமாரி நிறையப் பழுப்பு நிறப் பாட்டில்கள். மனைவி இந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘லேப்’. கோபமாக இருக்கும்போது ‘சாராயக்கடை’.

2017 நவம்பரில் ஆரம்பித்தது. ஆரிகனில் இலையுதிர் காலத்தில் பிடிக்கும் மழை வசந்தம் முடியும்வரை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போன சக ஊழியர் ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது இந்தச் சாமான்களையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். “பாத்திரம் கழுவப் பொறுமை இருக்கா? இருந்தா போதும், மத்தது தானா வரும்” என்பதுதான் அவர் கொடுத்த ஒரே அறிவுரை. அவர் ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் என் நினைவில் அது தமிழில்தான் பதிந்திருக்கிறது. காரணம், கொஞ்ச நாள் கழித்து என் அம்மாவும் அதையே சொன்னார்.

செய்முறை எளிது. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, ஒன்றிரண்டாக உடைக்க வேண்டும். 19 லிட்டர் பீருக்குச் சுமார் ஐந்து கிலோ. அதை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவிட்டால் தானியத்திலேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். இந்த மூன்று டிகிரிக்குள்தான் பீரின் குணமே இருக்கிறது. 65 பக்கம் நின்றால் ஈஸ்ட் சுலபமாகத் தின்னும் சர்க்கரை அதிகம், பீர் லேசாக, வறட்சியாக வரும். 68 பக்கம் போனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய சர்க்கரைகள் மிஞ்சும், பீர் கனமாக நாக்கில் நிற்கும். முதல் ஆறு மாதம் தெர்மோமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

வடிகட்டிய இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். அதை ஒரு மணிநேரம் கொதிக்க வைக்க வேண்டும். கொதி வந்ததும் போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் போடுவது வாசனையைத் தரும். ஒரே பூதான், போடும் நேரம்தான் வேறு. நாம் பெருங்காயத்தை எப்போது போடுவது என்று சண்டை போடுவோமே, அதே சண்டை இங்கும் உண்டு. நான் பெரும்பாலும் போடுவது கேஸ்கேட் என்ற ரகம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணிநேரத்துக்குள் போய்விடக்கூடிய கோர்வாலிஸில், அரசு வேளாண் துறையும் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வில் உருவாகி 1972இல் வெளியானது. கிரேப்ஃப்ரூட் தோலும் பைன் மரமும் கலந்த ஒரு வாசனை. இன்றைய அமெரிக்க பீரின் வாசனை என்று எதைச் சொல்கிறோமோ, அதில் பெரும் பங்கு இந்தப் பூவுக்கு உண்டு.

கொதித்த சாற்றைச் செப்புச் சுருளுக்குள் தண்ணீர் விட்டு வேகமாக 20 டிகிரிக்கு இறக்க வேண்டும். வாளிக்கு மாற்றி, 11.5 கிராம் பாக்கெட் ஈஸ்ட்டைத் தூவி, ஏர்லாக் செருகி மூடிவிட்டால் நம் வேலை முடிந்தது. மறுநாள் காலையில் ஏர்லாக்கில் குமிழி வர ஆரம்பிக்கும். இரண்டு வாரம் கழித்து, 110 கிராம் போல சர்க்கரையைக் காய்ச்சிச் சேர்த்து பாட்டிலில் அடைத்தால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதையும் தின்று பாட்டிலுக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும். இன்னும் இரண்டு வாரம். ஆக, ஒரு சனிக்கிழமை காய்ச்சினால் நாலு வாரம் தள்ளித்தான் குடிக்க முடியும்.

இதில் அடுப்பு எரியும் நேரம் கொஞ்சம்தான். மற்ற நேரமெல்லாம் கழுவல். வோர்ட் ஆறிய பிறகு அதைத் தொடும் எல்லாமே, வாளி, மூடி, குழாய், கரண்டி, என் கை, கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ஒரு திரவம் இருக்கிறது. 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. நுரை பொங்கும், ஆனால் திரும்ப அலசத் தேவையில்லை.

*

ஐந்தாவது முறை காய்ச்சியது கெட்டுப்போனது. பாட்டிலைத் திறந்தால் பீர் பாதி உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. மிஞ்சியதில் மெலிந்த புளிப்பும் மருந்து வாசனையும். ஒரு பாட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்தது. மனைவி யாரோ கராஜுக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பயந்து போலீஸுக்குப் போன் போட இருந்தாள். 48 பாட்டில்களையும் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினேன்.

காரணத்தைத் தேடி ஒரு வாரம் அலைந்தேன். வேலையில் ஒரு பிழையைத் துரத்துவது போலத்தான். கடைசியில் பாட்டிலில் அடைக்கும் வாளியின் குழாயைக் கழற்றிப் பார்த்தால், திருகுமறைக்குள் பழுப்பாக ஒரு படலம். வெளிப்பக்கம் எத்தனை தடவை நுரை விட்டாலும் அழுக்கு உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. அதில் வாழ்ந்த காட்டு ஈஸ்ட், என் ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் தின்று வாயுவாக்கியிருக்கிறது.

அந்த வாரம் அம்மாவிடம் வீடியோ காலில் பேசும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதுவரை பீர் காய்ச்சும் விஷயம் அவருக்குத் தெரியாது. திட்டுவார் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

“கலயத்த உள்ள விட்டுக் கழுவுனியா, வெளிய மட்டும் கழுவுனியா?”

“அது கலயம் இல்லம்மா, வாளி.”

“எதுவா இருந்தா என்னய்யா. உள்ள கழுவலன்னா சுண்ணாம்பு தடவுனாலும் நிக்காது. எங்கப்பா கலயத்த மோந்து பாத்துட்டுதான் மேல கொண்டு போவாரு.”

அம்மாவின் அப்பா பனையேறி. உடன்குடிப் பக்கம். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். என் தலைமுறையில் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் இன்ஜினியரிங் சேர்ந்த நாளில் அம்மா சொன்ன ஒரே வாக்கியம், “எங்கப்பா நெஞ்சுல காய்ப்பு காய்ச்சுக் கெடக்கும்” என்பதுதான். மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி ஏறி வந்த காய்ப்பு. காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறிப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு இறங்க வேண்டும். சீவாவிட்டால் சாறு நின்றுவிடும். மாசியில் தொடங்கினால் மழைக்காலம் வரும்வரை அவருக்கு ஒரு நாளும் லீவு கிடையாது.

சுண்ணாம்பு விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் யோசித்ததில்லை. பாளையிலிருந்து சொட்டும் சாறு ஒன்றுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சில மணிநேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். இன்னும் விட்டுவைத்தால் காடியாகும். குழந்தைக்குக் கொடுக்கும் பானத்துக்கும் போதைக்கும் நடுவே விரலால் தடவிய ஒரு வெள்ளைப் பூச்சுதான் நிற்கிறது.

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சுண்ணாம்பு காரம். சாற்றின் பிஹெச் மதிப்பை மேலே தள்ளிக் கிருமியை நிறுத்துகிறது. என் பாஸ்பாரிக் அமிலம் அதை 3க்குக் கீழே தள்ளி அதே வேலையைச் செய்கிறது. தாத்தாவும் நானும் ஒரே அளவுகோலின் இரண்டு முனைகளில் நின்றுகொண்டு ஒரே எதிரியோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். அந்த அளவுகோலே ஒரு பீர் கம்பெனியில்தான் பிறந்தது. 1909இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், சோரன்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அதே ஆய்வகத்தில் 1883இல் எமில் ஹான்சன் ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். நான் பிரிக்கும் 11.5 கிராம் பாக்கெட்டின் மூதாதை அந்த வேலைதான்.

*

எனக்கு இந்தக் கைவேலையில் பிடித்ததே இந்தப் பகுதிதான். பீர் மனிதர்களை அளக்க வைத்திருக்கிறது. டப்ளினில் கின்னஸ் ஆலையில் 1899இல் வேலைக்குச் சேர்ந்த கோஸெட் என்பவர், கொஞ்சமே கொஞ்சம் மாதிரிகளை வைத்துக்கொண்டு நம்பகமான முடிவுக்கு எப்படி வருவது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். 1908இல் அதற்கொரு வழி கண்டுபிடித்து வெளியிட்டார். கம்பெனி விதிப்படி சொந்தப் பெயரில் எழுத முடியாததால் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில். கல்லூரியில் நாம் மனப்பாடம் செய்து மறந்த டி-டெஸ்ட் அதுதான்.

நானும் அளந்தேன். 2018இலிருந்து ஒவ்வொரு முறை காய்ச்சியதற்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வரி. தேதி, மால்ட் எடை, ஊறவைத்த வெப்பநிலை, ஹாப்ஸ் போட்ட நிமிடம், ஈஸ்ட், அறை வெப்பம். ஹைட்ரோமீட்டரில் ஆரம்ப அடர்த்தி 1.060, கடைசி அடர்த்தி 1.010 என்றால், வித்தியாசத்தை 131.25 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 6.5 சதவீதம். கசப்புக்கு ஒரு சூத்திரம், நிறத்துக்கு ஒரு சூத்திரம். பெருந்தொற்று வந்து வீட்டிலிருந்தே வேலை என்றானதும் இன்னும் தீவிரமானேன். மூன்று வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு இரண்டாகக் குறைந்தது, அதுவும் சில மாதங்களில் இன்னும் நெருங்கியது. மாலை ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு கராஜுக்குப் போய் ஒரு பாட்டிலைத் திறந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, குறிப்பு எழுதுவேன். ‘வெண்ணெய் வாடை லேசாக. அடுத்த முறை கடைசி மூன்று நாள் வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கவும்.’ இது குடிப்பதில்லை, பரிசோதனை. அப்படித்தான் நினைத்தேன், மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

2021 டிசம்பர் கடைசி வாரத்தில் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், “இந்த வருஷம் 16 தடவை காய்ச்சிட்டேன்மா. ஒவ்வொரு தடவையும் 48 பாட்டில்.”

அம்மா கணக்கில் கெட்டி. ரேஷன் கடை வாசலில் நின்றே மனக்கணக்குப் போடுவார்.

“அவ்வளத்தையும் யாருய்யா குடிக்கா?”

“ஃப்ரெண்ட்ஸ்தான்மா. ஆளுக்கு ஆள் குடுக்கறதுதான்.”

“சரி” என்றார். அந்த ‘சரி’ எனக்குத் தெரியும். பெரிய மாமாவிடம் அவர் சொல்லும் ‘சரி’ அது.

பெரிய மாமா பனையேறவில்லை. தாத்தா விடவில்லை. லாரி ஓட்டினார். 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. மாமா குடித்தது கள் அல்ல என்பதால் அந்தத் தடை அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. பாட்டில் குடித்தார், கிடைத்ததைக் குடித்தார். 47 வயதில் வயிறு வீங்கிச் செத்தார். நல்ல மனிதர், எனக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர். எவ்வளவு குடித்தீர்கள் என்று யார் கேட்டாலும் இரண்டு விரலைக் காட்டுவார். பொய் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

அன்று ராத்திரி ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன். பதினான்கு தலைப்புகள் இருந்தன. குடித்தது எத்தனை என்பதற்கு ஒன்றும் இல்லை.

கணக்குப் போட்டேன். 16 முறை, தலா 48 பாட்டில், மொத்தம் 768. சரியாக வராமல் கொட்டியது 48. அலமாரியில் இருந்தது 42. கொடுத்தது, வாட்ஸாப்பில் ஒவ்வொருவர் பெயராகத் தேடிப் பார்த்து, தாராளமாகவே 120. வீட்டுக்கு வந்தவர்கள் குடித்தது, அது தொற்றுக் காலம், எவ்வளவு கூட்டினாலும் 60. மனைவி குடிப்பதில்லை. மிச்சம் 498.

யாராவது முந்தின நாள் கேட்டிருந்தால் வாரத்துக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து என்றிருப்பேன். சத்தியம் செய்திருப்பேன். அப்படியென்றால் வருடத்துக்கு 260. உண்மை அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்னை நானே காப்பாற்றவும் முடியும். அதையும் செய்து பார்த்தேன். 498ஐ 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஒன்றேகால், ஒன்றரை பாட்டில். 6.5 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பெருக்கினால்கூட, ஆண்களுக்கு நாளுக்கு இரண்டு அளவுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி அப்போது சொன்ன எல்லைக்குள்தான் வந்தது. சட்டமும் என் பக்கம். 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 காலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது, அவ்வளவுதான். நான் காய்ச்சியது 80 காலன். இதையே ஊரில் என் வீட்டில் செய்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். இங்கே எனக்கு பிஹெச் மீட்டர் இருக்கிறது, ஆரிகன் ஹாப்ஸ் இருக்கிறது, பேச டி-டெஸ்ட் கதை இருக்கிறது.

ஆனால் என்னை உறுத்தியது அளவு அல்ல. பதினான்கு விஷயங்களை அளந்தவன் பதினைந்தாவதை அளக்கவில்லை என்பது. மறதி என்று சொல்ல முடியாது. வேலையில் ஒரு சிஸ்டம் இப்படி எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டிருந்தால், அந்த ஒன்றில்தான் சிக்கல் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பேன். மாமா இரண்டு விரலைக் காட்டியபோது பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அவருக்கு நிஜமாகவே இரண்டு என்றுதான் தெரிந்திருக்கும்.

மனைவியிடம் எண்ணைச் சொன்னேன். “ஐநூறு சொச்சம்னு நினைச்சேன்” என்றாள். காலி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதில் பாதி அவள் வேலை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

“ஏன் சொல்லல?”

“நீ கேக்கவே இல்லையே.”

*

நான் நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது நடக்கவில்லை. இரண்டு காரியம் செய்தேன். 19 லிட்டர் வாளியை ஓரம் கட்டிவிட்டு 4.5 லிட்டர் கண்ணாடிக் குடுவைக்கு மாறினேன். சிறிய அளவில் காய்ச்சுவது உண்மையிலேயே கடினம். ஹாப்ஸ் இரண்டு கிராம் கூடினால் தெரியும், வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். ஒரு முறைக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டில்தான் தேறும். இரண்டாவது, ஸ்ப்ரெட்ஷீட்டில் பதினைந்தாவது தலைப்பைச் சேர்த்தேன். திறக்கும்போதே எழுத வேண்டும், மறுநாள் அல்ல. முதல் மாதம் அந்த இடத்தில் எண்ணை அடிக்கும்போது கை கூசியது. ஒரு நாள் எழுதாமல் விட்டேன். மறுநாள் அதையும் எழுதினேன்.

2022 ஜூலையில் அம்மா வந்தார். சாமான்களை ஒளித்து வைக்கலாமா என்று யோசித்தேன். மனைவிதான் வேண்டாம் என்றாள். இரண்டாவது வாரம் சனிக்கிழமை காய்ச்சினேன். வோர்ட் கொதி வந்து கராஜ் வாசலெல்லாம் வாசனை பரவியபோது அம்மா அடுக்களையிலிருந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

“கருப்பட்டி காய்ச்சுற வாசம்லா அடிக்கி.”

சின்ன வயதில் பதநீர் காய்ச்சும் விடிலிக்குள் உட்கார்ந்து, பாகாகும் முன் அம்மாவின் அம்மா சிரட்டையில் ஊற்றித் தரும் கூப்பனியைக் குடித்ததைச் சொன்னார். புகையில் கண் எரியும், ஆனாலும் வெளியே போக மனசு வராதாம். நான் ஹாப்ஸ் இன்னும் போட்டிருக்கவில்லை. ஒரு டம்ளர் வோர்ட்டை எடுத்து ஆற்றிக் கொடுத்தேன். யோசித்தார். “இதுல அது இல்லையே?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கடைசிவரை குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனவர் திரும்பி நின்று கேட்டார்.

“நல்லாத்தான இருக்கு. இதோட நிறுத்திரக் கூடாதாய்யா?”

எனக்குப் பதில் வரவில்லை. அம்மாவும் பதிலுக்கு நிற்கவில்லை, உள்ளே போய்விட்டார். நான் ஹாப்ஸைப் போட்டேன். ஒரு மணிநேரம் கொதிக்க விட்டேன். ஆற்றினேன். குடுவையை உள்ளே விட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, சாற்றை ஊற்றினேன். ஈஸ்ட் பாக்கெட்டைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றேன். பிறகு தூவினேன்.

அதில் பதினோரு பாட்டில் வந்தது. ஏழைக் கொடுத்தேன். நான்கு என் பெயரில் எழுதியிருக்கிறது.